இரண்டு கட்டைகளுக்கு நடுவே

மே 4, ஞாயிறு

ஏற்காடு. வழியெல்லாம் கோடை விழாத் தட்டிகள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் யாராவது காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் கிடாரைப் பின்சீட்டில் படுக்க வைத்து பெல்ட் போட்டிருந்தேன்.

எங்கள் குழுவின் பெயர் எட்டாம் வாய்ப்பாடு. இப்போது யாரிடமாவது சொன்னால் டியூஷன் சென்டரா என்று கேட்கிறார்கள். திருச்சியில் எம்.எஸ்சி. படிக்கும்போது நான்கு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. தமிழில் ராக் பாடினால் யார் கேட்பார்கள் என்றார்கள். சிலர் கேட்டார்கள். நான்கு ஆல்பம் வந்தது. கடைசி ஆல்பத்துக்குப் பிறகு பதினோரு வருடம் ஓடிவிட்டது. ஐந்தாவதை இப்போது ஏன் செய்கிறோம் என்பதற்கு ஒழுங்கான பதில் யாரிடமும் இல்லை. ராயப்பன் ஒன்பது பாட்டு எழுதி வைத்திருக்கிறான். இத்ரீஸின் மைத்துனருக்கு இங்கே காப்பித் தோட்டத்துக்குள் ஒரு பழைய பங்களா சும்மா கிடக்கிறது. இவ்வளவுதான். ஆல்பத்துக்கு 'மீதி' என்று பெயர் வைத்தாயிற்று. முதலில் பெயர் வைப்பதும் பிறகு பாட்டைப் பற்றி யோசிப்பதும் இவர்கள் வழக்கம்.

நான் வந்தது, என் இடத்துக்கு வேறு ஆள் தேடிப் பழக்க நேரமில்லை என்பதால். கல்லூரி விடுமுறை. புள்ளியியல் துறைக்கு என் நினைவு வராது.

வீட்டுக்காரர், "போயிட்டு வா, கொஞ்ச நாள் நானும் நிம்மதியா இருப்பேன்" என்றார். கிளம்பும்போது காரில் ஆறு பாட்டில் தண்ணீர் வைத்துவிட்டிருந்தார்.

கோதண்டம் கை கொடுத்தவன் என் கையைத் திருப்பிப் பார்த்தான். காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி. எதையும் திருப்பிப் பார்க்கிற வேலை. அவன்தான் எங்கள் லீட் கிடார்.

"புரொஃபசர், விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போயிருக்கே. எத்தனை மாசமா வாசிக்கறே?"

"தோட்ட வேலை."

"உங்க வீடு மூணாவது மாடி."

"தொட்டி."

மே 5, திங்கள்

தமயந்தி நேற்றே வந்து கூடத்தைத் தயார் செய்துவிட்டாள். ஒலிப்பதிவு அவள் பொறுப்பு. முப்பத்தாறு வயது. பள்ளிக்கூட பஸ்ஸில் அண்ணனின் இயர்போனில் ஒரு பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு எங்கள் முதல் ஆல்பத்தைக் கேட்டவளாம். ஜன்னல்களில் காப்பிச் சாக்குகளைத் தொங்கவிட்டிருக்கிறாள். கூடம் முழுக்கப் பச்சைக்கொட்டை வாசனை.

எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சுருதி பார்க்க டியூனர் கருவி வைத்துக்கொள்வதில்லை. முதல் நிகழ்ச்சியில் மின்சாரம் போய் இருட்டில் நின்றபோது, நான் பேஸின் ஏ கம்பியைத் தட்ட, மற்றவர்கள் காதைக் கொடுத்து அதற்குச் சேர்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு நன்றாக வாசித்தோம். அன்றிலிருந்து அதுவே சட்டமாகிவிட்டது. தினமும் காலையில் நான் ஏ கம்பியைத் தட்டுவேன். அதுதான் அன்றைய சுருதி. என் காதில் எல்லோருக்கும் அவ்வளவு நம்பிக்கை. அறிவியல் பூர்வமாக இது மோசமான முறை. பல தடவை சொல்லியிருக்கிறேன்.

முதல் பாட்டு 'ஈர மணல்'. இத்ரீஸ் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினான். அவன் கால்நடை மருத்துவர். பதினோரு வருடமாக மாடுகளுக்குத்தான் தாளம் போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்தாவது எண்ணில் நாங்கள் நான்கு பேரும் ஒரே இடத்தில் விழுந்தோம்.

அந்த விழுதலைப் பற்றி எழுதவேண்டும். ஒத்திகை கிடையாது, ஒரு சிரிப்புகூட இல்லை. என் கால்களுக்குக் கீழே பலகைத் தரை அதிர்ந்தது. டிரம்ஸின் அடியும் என் கம்பியும் ஒன்றாகி எது யாருடையது என்று தெரியவில்லை. கோதண்டத்தின் கிடார் அதன் மேல் ஏறி நின்றது. ஹெட்ஃபோனில் தமயந்தி, "ஐயோ" என்றாள். நான் ஒரு இடத்தில் தப்பாக வாசித்தேன். உணர்ச்சிவசப்பட்டு அல்ல, கூடம் பழக்கமில்லாததால்.

ராயப்பன் தன் கிடாரை மீட்டிக்கொண்டே பாடினான்.

*ஈர மணலில் என் பேரை எழுதாதே*
*அலைக்குப் படிக்கத் தெரியாது*

'தெரியாது' என்பதில் குரல் உச்சிக்குப் போகவேண்டும். போகவில்லை. பாதியில் காற்றாகிவிட்டது. இருமிவிட்டு, மலைக்குளிர் என்றான். மறுபடி பாடினான். மறுபடி காற்று.

மதியம் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மேடையில மேல போக முடியாம மைக்கை ஜனங்க பக்கம் நீட்டறவன் இருக்கான்ல? அவனா நான் ஆக மாட்டேன். கட்டையை இறக்கியும் பாட மாட்டேன். இந்த வாரத்துல தொண்டை திறந்தா ஆல்பம். திறக்கலைன்னா, நல்லா சாப்பிட்டோம்னு சொல்லிட்டுக் கிளம்பிடலாம்."

"ரசம் நல்லாத்தான் இருக்கு" என்றான் இத்ரீஸ்.

யாரும் சிரிக்கவில்லை. ராயப்பனுக்குத் திருச்சியில் பேட்டரிக் கடை. சொன்னால் சொன்னதுதான். கடையிலும் அப்படித்தான், பேரம் கிடையாது.

மே 6, செவ்வாய்

ராயப்பன் காலையில் முயன்றான். மதியம் மழை. முயன்றான்.

மே 7, புதன்

மலையில் ஈரப்பதம் அதிகம். ஈரத்தில் கிடாரின் கழுத்து லேசாக வளையும், சுருதி மாறும். இது எல்லோருக்கும் தெரிந்தது. இன்று காலை ஏ கம்பி எனக்குக் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றியது. தளர்த்தினேன். மிகக் கொஞ்சம். ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்குப் போவதற்குள் எவ்வளவோ இடம் இருக்கிறது. அதில் கால்வாசிகூட இருக்காது. தட்டினேன். எல்லோரும் குனிந்து காதைக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள்.

'ஈர மணல்'. உச்சி இடத்தில் ராயப்பனின் குரல் உரசியது. உரசியதே தவிர உடையவில்லை.

"வருது" என்றான் கோதண்டம்.

"வரும்" என்றான் ராயப்பன். அவன் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று.

தோட்டத்தில் பலா பழுத்திருக்கிறது. காட்டெருமை வருமாம், மாலையில் வெளியே போகவேண்டாம் என்று காவல்காரர் சொன்னார்.

மே 8, வியாழன்

இன்றும் ஈரப்பதம்.

முதல் டேக்கிலேயே 'ஈர மணல்' முடிந்தது. உச்சியைத் தொட்டான். தொட்டு நின்றான். நின்று அங்கேயே ஒரு சுழற்று சுழற்றினான். இருபத்திரண்டு வயதில் பாடியது மாதிரி. இத்ரீஸ் பாட்டு முடிந்ததும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கினான். இரண்டு பேருக்கும் முதுகுவலி. நான் கைதட்டியதாக தமயந்தி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை.

பிறகு அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கம்ப்யூட்டர்த் திரையில் ஒரு பச்சைக் கோடு.

"மங்கைக்கா, நேத்தைக்கும் இன்னைக்கும் சுருதி இறங்கியிருக்கு."

"ஈரம்."

"ஈரம்னா மூணு கிடாரும் ஒரே அளவு இறங்குமா?"

புள்ளியியல் பேராசிரியையிடம் கேட்கவேண்டிய கேள்விதான். நிகழ்தகவு மிகக் குறைவு என்று சொல்லியிருக்கலாம்.

"அந்தப் பக்கத்தை மூடி வச்சிடு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு பச்சைக் கோடு இருந்த பக்கத்தை மூடினாள். "எனக்கு இந்த ஆல்பம் வேணும்கா" என்றாள்.

எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுவது பிடிக்காது, அவ்வளவுதான்.

மே 10, சனி

நேற்றும் இன்றும் சேர்த்து மூன்று பாட்டு. இவ்வளவு வேகமாக நாங்கள் எப்போதும் வேலை செய்ததில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டே கோதண்டம் புதிதாக ஒரு துணுக்கைச் சீட்டியடிக்கிறான். டீ வருவதற்குள் அது பாட்டின் நடுப்பகுதியாகிவிடுகிறது. கோடை விழாக் கூட்டத்தின் ஹாரன் சத்தம் மைக்கில் விழுகிறது என்று தமயந்தி சலித்துக்கொண்டாள். ராயப்பன் அந்த ஹாரனின் தாளத்திலேயே ஒரு பல்லவி பாடிக் காட்டினான். வைத்துக்கொண்டோம்.

வீட்டிலிருந்து போன். இவர், "எப்படிப் போகுது?" என்றார். "பரவாயில்லை" என்று ஆரம்பித்தேன். போனை வைத்தபோது காது சுட்டது. அவர் கடைசியில், "சரி, குக்கர்ல விசில் வந்து அரை மணி நேரமாச்சு" என்றார்.

மே 12, திங்கள்

கோதண்டம் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டான்:

"இன்னைக்கு எவ்வளவு?"

"எது?"

"நடிக்காதே மங்கை. என் கிடார் தொளதொளன்னு கொடிக்கயிறு மாதிரி இருக்கு. நாளைக்கு ஈரத்துணியைத்தான் காயப்போடணும்."

"ஏன் இத்தனை நாள் சொல்லலை?"

"நீ பாத்துக்கறேன்னு இருந்தேன். இத்ரீஸுக்கும் தெரியும்."

"டிரம்ஸுக்குச் சுருதியே கிடையாது, அவனுக்கு எப்படி?"

"உன் மூஞ்சியைப் பாத்தானாம். மாட்டுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி, ஊசியே இல்லைங்கற மாதிரி தடவிக்கொடுப்பாங்களாம். அந்த மூஞ்சியாம்."

ராயப்பனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா இங்க இருப்பானா?" என்றான். இரண்டு பேரும் கூடத்தைப் பார்த்தோம். ராயப்பன் அங்கே ஆறாவது பாட்டைக் கண்ணை மூடிப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தான்.

நாளைக்கு இறக்கவேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மே 13, செவ்வாய்

இறக்கினேன்.

எட்டு முடிந்துவிட்டது. ஒன்பதாவது 'வடக்கு ஜன்னல்'. நாங்கள் நால்வரும் வாசிக்கவேண்டியதை இன்று வாசித்தாயிற்று. இதுதான் ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, இதற்காகத்தான் மற்ற எட்டும். ஏழு நிமிடம். பாதியில் தேவாலய ஆர்கன் உள்ளே வந்து எல்லாவற்றையும் தூக்கவேண்டும் என்று ராயப்பன் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறான். இங்கே மலை மேல் ஒரு சின்னத் தேவாலயத்தில், கப்பலில் வந்த பழைய குழாய் ஆர்கன் இருக்கிறது. நாளை போகிறோம். அதன் குழாய்களைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று தென்னை மரம் அளவுக்கு இருக்குமாம்.

தூக்கம் வரவில்லை. மதியம் காப்பி அதிகம்.

மே 14, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

ஆர்கன் வாசிப்பவர் பெயர் டார்லிங் செல்வபாய். இங்கே ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். பெயரைக் கேட்டதிலிருந்து இத்ரீஸ் ஒழுங்காக இல்லை. "குட் மார்னிங் டார்லிங் டீச்சர்" என்று தேவைக்கு அதிகமான மரியாதையுடன் சொன்னான்.

"எல்லாரும் சிரிச்சாச்சா?" என்றார் அவர். "எங்கப்பா வச்ச பேரு. எங்க தெருவுல மட்டும் மூணு டார்லிங் உண்டு. இனி வேலையைப் பாப்போம்."

இத்ரீஸ் பின்வரிசை பெஞ்சுக்குப் போய்விட்டான்.

தமயந்தி லேப்டாப்பையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் பெஞ்சில் வைத்தாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மோட்டார் ஓடி, ஆர்கனுக்குள் காற்று நிரம்பும் சத்தம் கேட்டது. பெரிய மிருகம் ஒன்று எழுவதற்கு முன் மூச்சு இழுப்பது மாதிரி. என் கையில் மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் பாட்டு ஓடியது. ராயப்பன் கையைத் தூக்கி, இப்போது, என்று காட்டினான்.

டீச்சர் வாசித்தார். ஆர்கனும் பாட்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின.

டீச்சர் நிறுத்தினார். ஒரு கட்டை கீழே இறங்கி வாசித்தார். அதுவும் கடித்தது. இன்னொரு கட்டை கீழே. அதுவும்.

"ஆர்கன் பழசு டீச்சர்" என்றான் ராயப்பன். "சுருதி விட்டிருக்கும்."

"ஈஸ்டருக்கு முன்னாடிதான் சென்னையில இருந்து ஆள் வந்து, நாலு நாள் இருந்து, குழாய் குழாயா சரி பண்ணிட்டுப் போனாரு. ஆர்கன் சுத்தமா இருக்கு." அவர் இரண்டு கட்டைகளை விரலால் தொட்டுக் காட்டினார். "உங்க பாட்டு இதுக்குக் கீழ நிக்குது, அதுக்கு மேல நிக்குது. ரெண்டு கட்டைக்கும் நடுவுல. அங்க வாசிக்க எனக்குக் கட்டை கிடையாதுல்லா. உங்கள்ல யாரு சுருதி குடுக்கது?"

கோதண்டம் தரையைப் பார்த்தான். இத்ரீஸ் கண்ணாடி ஜன்னலைப் பார்த்தான். தமயந்தி லேப்டாப்பைப் பார்த்தாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ராயப்பனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"கம்ப்யூட்டர்லயே கொஞ்சம் நகர்த்திடலாம் அண்ணா" என்றாள் தமயந்தி, சமாதானமாக.

"எவ்வளவு நகர்த்தணும்?"

அவள் லேப்டாப்பை மூடப் போனாள்.

"எவ்வளவும்மா?"

"கீழன்னா கால் கட்டை. மேல, பழைய இடத்துக்குன்னா... முக்கால்."

"முக்கால் கட்டை" என்றான் ராயப்பன். பேட்டரிக் கடையில் வாடிக்கையாளர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்வது மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினான். கோபப்படுவான் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"இனிமே என் குரலை என்னைக் கேக்காம யாரும் தொட வேண்டாம். கம்ப்யூட்டரும் சரி, நீயும் சரி."

வெளியே போனான். மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது. ஆர்கனுக்குள் காற்று இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் அதை அணைத்தார்.

"அவருக்குத் தெரியாதா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியாது."

"பெறகு ஏன் பாதியில நின்னீங்க? முழுக்கட்டையா இறக்கியிருந்தா நான் பேசாம வாசிச்சிருப்பேனே."

நியாயமான கேள்வி. தெரியாமல் இருக்கவேண்டும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். அதனாலேயே எங்கேயும் போய்ச் சேராத இடத்தில் ஆல்பத்தை நிறுத்தியிருக்கிறேன்.

மே 15, வியாழன்

ராயப்பன் திரும்பவில்லை. போன் அணைந்திருக்கிறது. அவன் பை அறையில் இல்லை.

காலை உப்புமா. மதியம் அதே உப்புமா. மாலையில் தமயந்தி சாக்குகளை ஜன்னலிலிருந்து இறக்க ஆரம்பித்தாள். இரண்டு ஜன்னல் முடித்தபின் இத்ரீஸ் போய் அவள் கையைப் பிடித்து, "நாளைக்குப் பாப்போம்மா" என்றான்.

நான் போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கோதண்டம் சொல்கிறான். எங்கே போய்? கேட்டாலும் எட்டுப் பாட்டு திரும்பி வராது. ஆல்பம் நின்றுவிட்டது. நாளை காலை கிளம்பலாம் என்று துணிகளை மடித்து வைத்தேன். பேஸைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. பெட்டியின் ஜிப் சரியில்லை.

மே 16, வெள்ளி

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். நாங்கள் நால்வரும் வாசலுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்து, அவரவர் இடத்தில் உட்கார்ந்துகொண்டோம்.

ராயப்பன் உள்ளே வந்தான். ஒரு பிளாஸ்டிக் பையை மேஜையில் கொட்டினான். கிடார்க் கம்பி உறைகள்.

"சேலத்துல இருந்தது இவ்வளவுதான். மீதிக்கு ஈரோடு போனேன். இருக்கறதுலயே தடிமன்."

தளர்த்தின கம்பி தொளதொளக்கும். கீழே இறங்கி உறுதியாக வாசிக்கவேண்டுமென்றால் தடித்த கம்பி வேண்டும். கோதண்டம் ஒரு உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான், வழக்கம்போல.

"அப்ப நீ?"

"நானும் கிடார் வாசிக்கறவன்தான்டா. கம்பி லூசா இருக்கறது விரலுக்குத் தெரியாதா? இவ இறக்கின அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்குய்யா அந்தத் தேவாலய டிராமா?" என்றான் இத்ரீஸ். "ரெண்டு நாளா உப்புமா தின்னுட்டு இருக்கோம்."

ராயப்பன் உட்கார்ந்தான். ஒரு கம்பி உறையைப் பிரித்தான்.

"கால் கட்டை இறக்கியிருப்பான்னு நெனச்சேன். கால்னா கணக்குல வராதுன்னு வச்சுக்கிட்டேன். எட்டிட்டேன், தொட்டுட்டேன்னு குதிச்சேன்ல, அப்பவும் தெரியும். முக்கால்னு அந்தப் பொண்ணு வாய்விட்டுச் சொன்னப்பதான், அவ்வளவு இறக்காம என்னால பாட முடியலங்கறது புரிஞ்சுது." என்னைப் பார்த்தான். "எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாதே மங்கை. ஆல்பம் நின்னுடும்னு உனக்குப் பயம்."

ஏற்காட்டில் காலை நேரத்தில் குளிர் அதிகம். கண்ணில் நீர் வரும்.

"இறக்கறதுன்னா இறக்குவோம்" என்றான். "ஒளிஞ்சு ஒளிஞ்சு வேண்டாம்."

பள்ளி முடிகிற நேரத்துக்குத் தேவாலயம் போனோம். கோடை வகுப்பு முடித்து வந்த டார்லிங் டீச்சர் நேராக ஆர்கனிடம் போனார். செருப்பைக் கழற்றினார்.

"பழைய கட்டையில இருந்து ஆரம்பிங்க டீச்சர். நான் முதல் அடியைப் பாடறேன். ஒவ்வொரு கட்டையா இறங்குங்க. நான் நிறுத்தச் சொல்றவரைக்கும்."

*வடக்கு ஜன்னலைத் திறந்து வை*
*வெயில் கேட்காமல் வராது*

பழைய கட்டையில் குரல் கிழிந்தது. எங்கள் எல்லோர் முன்னாலும், ஒளிக்காமல், கிழியவிட்டான். ஒரு கட்டை கீழே. இறுக்கம். இன்னொன்று. எட்டியது, ஆனால் எட்டுவது தெரிந்தது. "இன்னும்" என்றான். டீச்சர் இறங்கினார். நன்றாக இருந்தது. தமயந்தி தலையாட்டினாள். நானே போதும் என்று சொல்லியிருப்பேன்.

"இன்னும்."

அந்தக் கட்டையில் அவன் வாயைத் திறந்தபோது வேறு ஒரு ஆள் பாடினான். கிட்டத்தட்ட முப்பது வருடம் இந்த மனிதனோடு வாசித்திருக்கிறேன், இந்தக் குரலைக் கேட்டதில்லை. அகலமாக, லேசான கரகரப்போடு, மார்பிலிருந்து, அவசரமே இல்லாமல் வந்தது. உச்சி இடம் வந்தபோது அவன் எங்கேயும் ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே பாடினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இத்ரீஸ் தன் தொடையில் தாளம் போடுவதை நிறுத்திவிட்டான்.

"இங்கதான் இருக்கீங்க" என்றார் டீச்சர். "நாலு கட்டை கீழ."

"இங்கயா இருந்தேன்?" என்றான் ராயப்பன்.

திரும்பி வந்ததும் எல்லோரும் தரையில் உட்கார்ந்து கம்பி மாற்றினோம். யாருமே வாயை மூடவில்லை.

மே 17, சனி

தேவாலயத்திலேயே எல்லாக் கருவிகளையும் வைத்து, ஆர்கனோடு சேர்ந்து ஒரே நேரத்தில் வாசிப்பது என்று முடிவானது. மாலையில் பாடகர் குழு ஒத்திகைக்கு இடம் வேண்டும், அதற்குள் முடித்தால் சரி என்றார் டீச்சர். இத்ரீஸின் டிரம்ஸைப் பீடத்துக்குப் பக்கத்தில் போடக் கூடாது, ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் போடலாம் என்றார்.

நான் சுருதி கொடுக்கப் போனேன். ராயப்பன், "இன்னைக்கு டீச்சர் குடுக்கட்டும்" என்றான். டீச்சர் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். நான் முதன்முறையாக இன்னொருவர் கொடுத்த சுருதிக்குக் காதைக் கொடுத்தேன். அது ஒன்றும் மோசமாக இல்லை.

முதல் டேக்கில் மின்சாரம் போயிற்று. இரண்டாவதில் கோதண்டம் ஒரு வரி முன்னாலேயே குதித்தான். மூன்றாவது.

மூன்றாவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புதிய தடித்த கம்பியை மிகக் கீழே இறக்கித் தட்டினால் அது ஒலி மாதிரி இல்லை, இடம் மாதிரி இருக்கிறது. அதன் மேல் எல்லோரும் நிற்கலாம். ராயப்பன் அதன் மேல் நின்று முதல் மூன்று நிமிடத்தை ஏறக்குறையப் பேசினான். பிறகு டீச்சர் இரண்டு கையும் இரண்டு காலுமாக உள்ளே வந்தார். ஜன்னல் கண்ணாடிகள் சட்டத்துக்குள் நடுங்கின. என் பல்லில் அதிர்ந்தது. கோதண்டம் கிடாரோடு அழுதுகொண்டிருந்தான், ஆனால் ஒரு இடமும் தவறவில்லை. இத்ரீஸ் ஏதோ கத்தினான், யாருக்கும் கேட்கவில்லை. ராயப்பன் கடைசி அடியைப் பாடும்போது மைக்கை விட்டு விலகி, கைகளைக் கீழே போட்டுக்கொண்டு, வெறுமனே பாடினான். ஆர்கனின் அவ்வளவு சத்தத்திலும் அவன் குரல் தனியாகக் கேட்டது. முடிந்தபோது கல் சுவர்களுக்குள் அந்த ஒலி அடங்க வெகுநேரம் ஆயிற்று. தமயந்தி பதிவை நிறுத்தாமல் நின்றாள்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எப்போதிலிருந்து என்று தெரியாது. கன்னம் வலித்தது.

"ஞாயித்துக்கிழமை இதை வாசிச்சா என்னைய வெளிய அனுப்பிருவாங்க" என்றார் டார்லிங் டீச்சர், செருப்பைத் தேடிக்கொண்டே. "ஆனா நல்லாயிருக்கு. ரொம்ப நல்லாயிருக்கு."

சாமான்களை ஏற்றும்போது ராயப்பன் சொன்னான்: "மத்த எட்டும் இனிமே கேக்க முடியாது. எட்டிப் பிடிக்கற சத்தம் கேக்குது. எல்லாத்தையும் முதல்லேர்ந்து எடுக்கணும்."

கோதண்டம் வேனில் சாய்ந்துகொண்டான். "டேய், எனக்குத் திங்கக்கிழமை ஆபீஸ்."

"எனக்கு ஆறு பண்ணையில மாடு காத்திட்டிருக்கு" என்றான் இத்ரீஸ்.

"சரி" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கேள்வி முடிவதற்கு முன்பே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

மே 18, ஞாயிறு

மடித்து வைத்த துணிகளை மறுபடி அலமாரியில் வைத்தேன். தமயந்தி இறக்கிய சாக்குகளை நானே தொங்கவிட்டேன். இன்னும் சரியாக விடியவில்லை, யாரும் எழுந்திருக்கவில்லை.

'ஈர மணல்' நான்கு கட்டை கீழே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஆம்ப்பைப் போட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்தேன்.

பக்கத்து அறையிலிருந்து, போர்வைக்குள்ளிருந்து, இத்ரீஸ்: "மேடம், கோழியே இன்னும் எழுந்திரிக்கல."

கேட்காத மாதிரி வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் கூடத்துக்குள் யாரோ கீழ்க்குரலில் சேர்ந்து பாட ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இடத்தில் விரல் வைப்பது கொஞ்சம் சிக்கலானது.